ஜாலி சவாரி ஜலசமாதி ஆகலாமா?

படகில் கால் வைக்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், முட்டுக்காடு படகு குழாமில் கூட்டம் அலைமோதும். 1984-ம் ஆண்டு தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக்கழகம் தொடங்கிய இடம் இது. லீவு விட்டால் ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளிலும் இதே கதைதான். குழந்தைகள் "அப்பா, போட்! போட்!" என்று கையை பிடித்து இழுக்கும்.

சவாரி என்னவோ அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்தில் குடும்பம் குடும்பமாக தண்ணீரில் மூழ்கிய பயங்கரங்களும் நடந்திருக்கின்றன. விவரம் வருமாறு:-

கிறிஸ்துமஸ் அன்று சோகம்

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கு பலர் உறவினர்களோடு உல்லாசப்பயணம் வந்தனர். ஏறியது மீன்பிடி படகு. படகு கவிழ்ந்தது. 22 பேர் பரிதாபமாக உயிர் இழந்தார்கள்.

2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரட்டை மாடி படகு கவிழ்ந்து 45 பேர் பலி! கரையில் காட்டு விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாக ஓடினார்கள். படகு சாய்ந்தது. மறுபடி நிமிரவே இல்லை.

2023-ம் ஆண்டு மே 7-ந்தேதி கேரள மாநிலம் தானூரில் 22 பேர் மாண்டனர். மீன்பிடி படகை மாற்றி சவாரிக்கு விட்டிருந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்கள். பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டியிருக்கிறார்கள்.

2024-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி குஜராத்தில் வதோதரா ஏரிக்கு பள்ளிக்கூட பிள்ளைகள் சுற்றுலா போனார்கள். 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் வீடு திரும்பவில்லை. அங்கேயும் ஆள் அதிகம். பலருக்கு லைப் ஜாக்கெட் இல்லை.

பஸ் வேறு, படகு வேறு!

பஸ்சில் எல்லோரும் ஒரே பக்கம் தொங்கினால் பஸ் சாய்கிறது. சாய்ந்தாலும் கீழே ரோடு இருக்கிறது. படகுக்கு கீழே என்ன இருக்கிறது?

உட்கார்ந்திருக்கும்போது பாரம் படகின் அடியில் நிற்கும். எழுந்து நின்றால் பாரம் மேலே ஏறும். உச்சிவரை வைக்கோல் ஏற்றிய லாரி மாதிரி படகு தள்ளாடும். அந்த நேரம் பத்து பேர் "அங்கே பார்!" என்று ஒரு பக்கம் போனால் அவ்வளவுதான்.

ஜாக்கெட் மாலை அல்ல

"கசகசன்னு இருக்கு", "போட்டோவுல நல்லா இருக்காது" என்று சிலர் லைப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வார்கள். சிலர் மாலை மாதிரி கழுத்தில் தொங்கவிடுவார்கள். விழுந்த பிறகு தண்ணீருக்குள் அதை மாட்ட முடியுமா?

பக்கிளை எல்லாம் பூட்டி, பட்டையை இறுக்க வேண்டும். தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப்பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. பெரியவர் ஜாக்கெட்டை குழந்தைக்கு போட்டால், ஜாக்கெட் மிதக்கும். குழந்தை கீழே நழுவிவிடும். நீச்சல் தெரிந்தவரும் போடத்தான் வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கினால் நீச்சல் உதவாது.

கவிழ்ந்துவிட்டால்?

கரை பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நீந்திப் போய்விடலாம் என்று படகை விடக்கூடாது. கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதக்கும். அதை பிடித்துக்கொண்டு உதவிக்கு காத்திருப்பதே நல்லது.

சினிமாவில்தான் "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். நிஜத்தில் மூழ்குகிறவருக்கு மூச்சு விடவே நேரம் இராது. சத்தமில்லாமல் போய்விடுவார். பார்த்தவர் உடனே குதித்தால் அவரையும் சேர்த்து இழுத்துவிடுவார். கயிறு, துடுப்பு, மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள்.

கரை சேர்த்தவரின் வயிற்றை அமுக்கி தண்ணீர் எடுக்கக்கூடாது. வாந்தி வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து காற்று ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். ஒருவர் 108-க்கு போன் போட வேண்டும்.

கேட்டால் தப்பில்லை

ஏறும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எத்தனை பேர் ஏறலாம்? எல்லோருக்கும் ஜாக்கெட் இருக்கா? இருட்டுறதுக்குள்ள திரும்பிடுவோமா?

"ஒரு ஆள்தானே சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று படகுக்காரர் சொன்னால் சண்டை வேண்டாம். பிள்ளையின் கையை பிடித்து இறங்கி விடுங்கள்.

பிள்ளை அழும். ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும்.