கல்லா அருகே தொங்கும் மாத்திரை அட்டை

"அண்ணாச்சி, தலைவலி மாத்திரை ரெண்டு கொடுங்க!"

காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறக்கும் வரை இந்தக் குரலைக் கேட்காத மளிகைக் கடையோ பெட்டிக் கடையோ நம் ஊர்களில் குறைவு. நாமும் ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டையில் இரண்டைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறோம். இதில் கிடைக்கும் லாபம் சில காசுகள்தான். "வாடிக்கையாளர் கேட்கிறார், இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்" என்பதே நாம் சொல்லும் காரணம். ஆனால் அந்த மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது, சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை வணிகர்களாகிய நாம் ஒருமுறையாவது நின்று யோசிக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவரின் கடையில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி நாள்தோறும் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கி வந்தார். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு ஒன்று, மாலையில் ஒன்று. மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. ஒருநாள் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதே இரத்த வாந்தி எடுத்து விழுந்தார். அரசு மருத்துவமனையில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிந்திருக்கிறது. தினமும் போட்ட வலி மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். "நாம கையாலதானே கொடுத்தோம்" என்று அந்த உறுப்பினர் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் பேசவில்லை. அன்று முதல் அவர் கடையில் மாத்திரை அட்டை இல்லை.

மாத்திரை எங்கே போகிறது?

தலைவலிக்குப் போடும் மாத்திரை நேராகத் தலைக்குப் போவதில்லை. வயிற்றில் கரைந்து, குடல் வழியாகக் கல்லீரலுக்குச் சென்று, இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றுகிறது. வேலை முடிந்ததும் கல்லீரல் அதைச் சிதைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. தலை எது, வயிறு எது என்று மாத்திரைக்குத் தெரியாது. போகும் இடமெல்லாம் தன் வேலையைச் செய்யும்.

ஆஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் எப்படி வலியைக் குறைக்கின்றன என்பதை 1971இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் விளக்கினார். இந்த வகை ஆராய்ச்சிகளுக்காக 1982இல் நோபல் பரிசையும் பகிர்ந்து பெற்றார். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரக்கிறது. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றிலும் அதற்குப் பங்கு உண்டு. மாத்திரை அதன் உற்பத்தியைத் தடுக்கிறது, வலி அடங்குகிறது. ஆனால் வயிற்றின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே பொருள்தான். வலியை நிறுத்தும்போது இந்தக் காவலும் சேர்ந்து நின்றுவிடுகிறது. ஒன்றிரண்டு நாளில் பெரிய கேடு தெரியாது. தினமும் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். வயதானவர்களுக்கும், இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

ஆஸ்பிரினுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரத்தம் உறைவதை அது தடுக்கிறது. இதய நோயாளிக்கு டாக்டர் அளந்து கொடுக்கும்போது அது நன்மை. டெங்கு காய்ச்சல்காரருக்குக் கொடுத்தால் அதுவே இரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். மழைக்காலத்தில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று வருபவருக்கு வந்திருப்பது டெங்குவா, சாதாரணக் காய்ச்சலா என்று தராசு பிடிக்கும் நமக்குத் தெரியுமா? சிறு பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அபூர்வமான நோய் வரக்கூடும் என்பதால் டாக்டர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். நிமிசுலைடு என்ற மாத்திரையை 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2011இல் தடை செய்தது.

பாராசிட்டமால் பயமில்லாததா?

"பாராசிட்டமால்தானே, ஒன்றும் செய்யாது" என்பது பலரின் எண்ணம். அளவோடு போட்டால் நல்ல மருந்துதான். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. அதற்கு மேல் போனால், அது சிதையும்போது உண்டாகும் நச்சுப் பொருளைக் கல்லீரலால் சமாளிக்க முடியாது. தொடர்ந்து மது குடிப்பவருக்கு இதைவிடக் குறைந்த அளவே ஆபத்தாகலாம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வாங்குபவர் தெரியாமலே இரட்டை அளவு சாப்பிடுகிறார். இரண்டாவது, அளவு மீறினால் உடனே தெரியாது. முதல் நாள் குமட்டல் மட்டும் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மஞ்சள் காமாலை போலக் கல்லீரல் கெட்டது வெளியே தெரியும். மாற்று மருந்து உண்டு. ஆனால் அதைச் சீக்கிரமே கொடுத்தாக வேண்டும்.

சளி மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்தும் இருக்கிறது. நம் சரக்கை ஏற்றி இரவில் புறப்படும் லாரி டிரைவருக்கு அதைக் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இருமல் சிரப்பு விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் ஒரு சிரப்பு குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தச் சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்திருந்தது.

உதிரி மாத்திரையின் கதை

பருப்பில் வண்டு விழாமல், சர்க்கரை கசியாமல் சரக்கைக் காக்கத் தெரிந்தவர்கள் நாம். மாத்திரையும் அப்படிக் கெட்டுப்போகும் சரக்குதான். வெயில் படும் இடத்திலும், உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் ஈரமான இடத்திலும் வைத்தால் அது வீரியம் இழக்கும். ஈரம் பட்ட ஆஸ்பிரினில் வினிகர் வாடை வரும். மருந்து பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடுகிறது. தான் எதைச் சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் சொல்லக்கூட அவரிடம் ஆதாரம் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940இன்படி லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்கக் கூடாது. மீறினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை. அபராதம் குறைந்தது 1 லட்ச ரூபாய், அல்லது பிடிபட்ட மருந்தின் மதிப்பைப் போல மூன்று மடங்கு. இதில் எது அதிகமோ அது.

1945ஆம் ஆண்டு விதிகளின் 'கே' அட்டவணை, வீட்டு உபயோக மருந்துகள் சிலவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. பாராசிட்டமால், ஆஸ்பிரின், வலித் தைலம் போன்றவை அதில் உண்டு. ஆனால் அந்த விலக்கு 1,000 பேருக்கு மேற்படாத கிராமங்களுக்கு மட்டுமே. லைசென்ஸ் உள்ள மொத்த வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோ வாங்கியிருக்க வேண்டும். கம்பெனி பேக்கிங்கைப் பிரிக்காமல் விற்க வேண்டும். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கடை நடத்தும் ஊர்கள் இந்த விலக்கில் வராது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சிறு கிராமங்களில் உள்ளவர்களும் மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு விற்பதே நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

1. லைசென்ஸ் இல்லாத கடையில் மாத்திரை, சிரப்பு எதையும் வைக்க வேண்டாம். லைன் வேனில் பில் இல்லாமல் போட்டுவிட்டுப் போகும் சரக்கை வாங்கவே வேண்டாம்.

2. கேட்டு வருபவரை மருந்துக் கடைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்புவோம். தினமும் வலி மாத்திரை கேட்பவரிடம், "ஒருமுறை டாக்டரைப் பாருங்கள்" என்று உரிமையோடு சொல்வோம்.

3. வயிற்றுப்போக்கு என்று வருபவருக்கு நம் கடையிலேயே கைமருந்து இருக்கிறது. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது.

4. 'ஓஆர்எஸ்' என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்களை விற்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய சரக்கு இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மாத்திரை விற்காவிட்டால் கல்லாவில் குறையப் போவது சில ரூபாய்தான். நம்மை நம்பிக் கடன் சொல்லி வாங்கும் குடும்பங்கள் நலமாக இருந்தால்தான் நமக்கும் நாளைக்கு வியாபாரம். உறுப்பினர்கள் இன்றே கல்லா அருகே ஒருமுறை பார்த்து, அந்த அட்டையை எடுத்துவிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.