நடந்து வந்தவர் நடந்தே திரும்ப வேண்டும்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தார்கள். 2024 மதிப்பீட்டில் அது 12.6 வீதமாகிவிட்டது. இடையில் ஓடியது பன்னிரண்டு வருடம்தான். கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ ஒரு பொது மருத்துவ வார்ட்டுக்குள் போய் நின்றால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும். புசல்லாவையிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வந்த தோட்டத்துப் பாட்டிமார், அக்குறணைப் பெரியவர், கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்தவர், படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை என்று நரைத்த தலைகள் நிறைய.

இவர்களுக்கு வைத்தியம் கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம் அது. ஆனால் வார்ட்டின் நடைமுறை முழுவதும் நாற்பது வயது நோயாளி ஒருவரை மனதில் வைத்தே ஓடுகிறது. படுக்க வைப்பது, மருந்து ஏற்றுவது, நோய் தணிந்ததும் டிக்கட் வெட்டுவது. நாற்பது வயதுக்காரர் எழுந்து போய்விடுவார். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு நியூமோனியா குணமாகியிருக்கும், ஆனால் கால் நிற்காது. தன் காலில் நடந்து வந்தவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு போவார்கள். அப்படியானால் அந்த வைத்தியம் பாதியில்தான் நின்றிருக்கிறது என்பேன்.

கட்டிலில் கரையும் கால்கள்

அமெரிக்க ஆய்வாளர்கள் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரி 67 வயதுடைய, எந்த நோயும் இல்லாத 11 பேரைப் பத்து நாள் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். பத்தாம் நாள் முடிவில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அவர்கள் காய்ச்சலில்லாமல், வேளைக்கு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள். பசியும் தூக்கமும் கெட்டு, சேலைன் ஏறும் கையோடு கிடப்பவருக்கு இழப்பு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆயுள் முழுவதும் மலைச்சரிவில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அந்த ஒரு கிலோதான் கக்கூசுக்குத் தனியாகப் போய்வரும் பலம். வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் பலமும் அதுதான். அதை இழந்து வீடு திரும்பியவரைக் கவனிக்க மகளோ மருமகளோ வேலையை விட வேண்டியிருக்கும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவில்லை. உட்கார்ந்தால் கால் தரையைத் தொடும் உயரத்தில் கட்டில் வேண்டும். சாப்பாட்டைக் கதிரையில் இருந்து சாப்பிட வைக்கலாம். சிறுநீர்க் குழாய் தேவையில்லாத அன்றே கழற்றப்பட வேண்டும், ஏனென்றால் அது தொற்றையும் கொண்டு வரும், ஆளையும் கட்டிலோடு கட்டிப் போடும். கக்கூசில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும், முழங்கால் மடக்க முடியாதவருக்கு உட்காரும் கொமட்டும் வேண்டும். இரவில் அந்த வழிக்கு ஒரு சின்ன வெளிச்சம் வேண்டும். விழுந்துவிடுவாரே என்ற பயத்தில் படுக்க வைப்பது ஆஸ்பத்திரிக்காரர் மட்டும் செய்வதல்ல. "சும்மா படுத்திருங்கம்மா" என்று நாமும் சொல்கிறோம். படுத்தே கிடந்தவர்தான் பிறகு எழும்போது விழுகிறார். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை நடக்க வைப்பது, ஏற்றும் மருந்துக்குக் குறையாத வைத்தியம்.

"பாட்டி அலட்டுறாங்க"

ஆஸ்பத்திரியில் முதியவருக்கு வரும் ஆபத்துகளில் அதிகம் கவனிக்கப்படாதது திடீர்க் குழப்பநிலை. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று இரவில் செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுகிறார், சேலைன் குழாயைப் பிடுங்குகிறார், கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டது என்று எழும்புகிறார். வீட்டார் "வயசாச்சு, மூளை கலங்கிருச்சு" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். இது வயதின் வேலையல்ல, மறதி நோயும் அல்ல. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். இது சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வரும், ஒரே நாளில் கூடிக் குறையும். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி, நீர் வற்றுவது, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, இரத்தத்தில் உப்போ சீனியோ குறைவது, புதிதாகக் கொடுத்த மருந்து என்று ஏதோ ஒன்று அடியில் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரி செய்தால் பெரும்பாலும் தெளிவு திரும்பும்.

அலட்டுபவரையாவது நாலு பேர் கவனிப்பார்கள். இன்னொரு வகையினர் சத்தமே போடமாட்டார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள், சோற்றைத் தொடமாட்டார்கள், கூப்பிட்டால் பாதி விழிப்பார்கள். தொந்தரவு இல்லாத நோயாளி என்று எல்லோரும் கடந்து போவார்கள். இவர்களுக்குத்தான் ஆபத்து கூட.

இந்தக் குழப்பத்தைக் கட்டிலருகிலேயே கண்டறியும் முறையொன்றை அமெரிக்க மருத்துவர் ஷரன் இனோயி 1990இல் வகுத்தார். சில நிமிடம் போதும். திடீரென வந்ததா, கவனம் நிற்கிறதா, பேச்சில் கோர்வை இருக்கிறதா, விழிப்பு சரியா என்று பார்ப்பார்கள். கவனத்தைச் சோதிக்கக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்லலாம். கண்டியைப் பொறுத்தவரை சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மருத்துவரும் தாதியரும் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். தோட்டத்துப் பாட்டிக்குக் கடைச் சிங்களம் தெரிந்திருக்கலாம். காய்ச்சலில், கண்ணாடி இல்லாமல், காது மந்தமான நிலையில் சிங்களத்தில் கேட்கும் கேள்விக்கு அவர் வாய் திறக்கமாட்டார். தெளிவாக இருப்பவரைக் குழம்பியவர் என்று எழுதிவிடவும் கூடும். உண்மையில் குழம்பிப் போனவரைப் பாஷை தெரியாதவர் என்று விட்டுவிடவும் கூடும். இரண்டாவதில் உயிரே போகலாம். 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. அந்த ஏற்பாடு கடித உறையிலும் பெயர்ப்பலகையிலும் நின்றுவிடக் கூடாது. கட்டிலருகே "நேத்து யார் உங்களப் பாக்க வந்தாங்க, அம்மா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். சைகையும் அரைத் தமிழுமாக அன்போடு பேசும் சிங்களத் தாதியர் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனதை மட்டுமே நம்பி ஒரு வார்ட் ஓடக் கூடாது.

இனோயி குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படும். 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சில எளிய காரியங்களைத் தவறாமல் செய்தார்கள். இன்ன நாள், இன்ன இடம் என்று நினைவூட்டினார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள், நடக்க வைத்தார்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிட்டார்கள். தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பால் கொடுத்து முதுகு தடவினார்கள். வழமையான கவனிப்பில் குழப்பம் வந்தவர்கள் 15 வீதம், இவர்களில் 9.9 வீதம். இதில் பாதி வேலையைப் பயிற்சி பெற்ற தொண்டர்களே செய்யலாம். பேராதனையில் 1962 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது, பல்கலைக்கழகம் நிறையத் தமிழ் பேசும் மாணவர்கள் இருக்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச அவர்களை முறையாகப் பயிற்றி அழைத்து வருவதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

துணைக்கு நிற்பவர் விஷயத்திலும் கொஞ்சம் இளக வேண்டும். பல வார்ட்டுகளில் ஆண்களுக்கு ஆண்தான் துணை நிற்கலாம். மகன் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்க, வீட்டில் இருக்கும் மகள் வெளியே வாங்கில் காத்திருக்கிறாள். குழம்பிப் போன தகப்பனுக்கு அவளுடைய குரல்தான் மருந்து. திரைச்சீலை ஒன்றால் தீரக்கூடிய பிரச்சினை இது.

மேடும் பள்ளமும்

கண்டி மலைநகரம். ஆஸ்பத்திரிக்குள்ளும் மேடு உண்டு, படி உண்டு. இரத்தம் எடுக்க ஓரிடம், எக்ஸ்ரேக்கு வேறிடம், மருந்துக்கு இன்னோரிடம் என்று மூட்டு தேய்ந்தவரை அலைய விடுகிறோம். பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் கைபிடியும் வசதியான கழிப்பறையும் இருக்க வேண்டுமென்ற ஒழுங்குவிதி 2006இலேயே வந்துவிட்டது. 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்த அஜித் பெரேரா அதற்காக உயர் நீதிமன்றம் வரை போனார். 2011இல் அவருக்குச் சாதகமான கட்டளையும் கிடைத்தது. சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீள வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் தள்ளுபவருக்கும் ஆபத்து, இருப்பவருக்கும் ஆபத்து. மலையில் இடம் குறைவு என்பது மெய்தான். இடமில்லாத இடத்தில் மருந்துச் சாளரத்தை நோயாளியிடம் கொண்டு வரலாமே.

மருந்துப் பை

அழுத்தத்துக்கு ஒரு கிளினிக், சீனிக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, தனியார் டொக்டரின் துண்டு வேறு. ஒரே மாத்திரை இரண்டு பெயரில் இரண்டு உறைகளில் இருப்பது சாதாரணம். சளிக்கு வாங்கும் பிரிட்டன் (Piriton) போன்ற மாத்திரையும் தூக்க மாத்திரையும் வயதானவரைக் குழப்பத்திலும் விழுதலிலும் கொண்டு போய் விடலாம். வார்ட்டில் சேரும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். டொக்டர் கோபிக்கமாட்டார்.

2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. நோய் கட்டுக்குள் இருக்கும் முதியவர் மாதந்தோறும் விடியற்காலை பஸ்ஸில் இறங்கி வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதை ஏன் நிரந்தரமாக்கவில்லை என்று நாம் கேட்க வேண்டும்.

தனி வார்ட் போதுமா?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் 1978இலேயே முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் மருத்துவ மையம் 2024 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. இலங்கையிலும் இத்துறைக்குப் பட்டமேற்படிப்பு உண்டு. கண்டிக்கும் முதியோர் மருத்துவ நிபுணர்கள் கூடுதலாக வேண்டும். ஆனால் முதியவர் எலும்பு வார்ட்டிலும் கண் வார்ட்டிலும் இருதய வார்ட்டிலும் இருக்கிறார். ஒரு தனி வார்ட் திறந்துவிட்டு மற்ற வார்ட்டுகளைப் பழையபடி விட்டால் பயனில்லை. 1935இல் இலண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் கண்டது வருடக்கணக்கில் படுக்கையிலேயே கைவிடப்பட்ட முதியவர்களை. அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, எழுப்பி, நடக்கப் பழக்கிப் பலரை வீட்டுக்கு அனுப்பினார். அவர் முதலில் மாற்றியது வார்ட்டின் பழக்கத்தைத்தான்.

டிக்கட் வெட்டிய பிறகு

வீட்டுக்கு அனுப்பும் செய்தி முதல் நாளே வர வேண்டும். பிற்பகலில் திடீரென்று டிக்கட் வெட்டினால் ஹேவாஹெட்டைக்கோ நாவலப்பிட்டிக்கு மேலேயோ போக வேண்டியவர் என்ன செய்வார்? கையில் தரும் நோய் விபர அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதோடு தமிழிலோ சிங்களத்திலோ அரைப் பக்கம் வேண்டும்: எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எப்போது கிளினிக், எதைக் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும். அதைத் தரச் சொல்லிக் கேளுங்கள். அனுப்புமுன் அவர் கட்டிலிலிருந்து எழுந்து கக்கூஸ் வரை நடப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் வீட்டுப் படியைப் பற்றிச் சொல்லி, உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் படி ஏறிக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் சாப்பாட்டையும் தண்ணீரையும் நடையையும் தினமும் கவனியுங்கள். முட்டை, பருப்பு, நெத்தலி ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருந்தால் தசை திரும்ப உதவும். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் அளவை டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மறுபடி அலட்டினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். லயம் வரை வண்டி ஏறாது என்றால் அழைக்கும்போதே அதைச் சொல்லி, வீதிக்கு இறக்கிக் கொண்டுவர நான்கு பேரைக் கூப்பிட்டு வையுங்கள்.