பிளாண்டியின் தனிக்குடித்தனம்

தினசரி வந்ததும், தலைப்புச் செய்தியைப் பிறகு பார்க்கலாம் என்று சித்திரத் தொடர் உள்ள பக்கத்தை முதலில் புரட்டும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மூன்று நான்கு கட்டங்கள். அவற்றுள் ஒரு வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி. கடைசிக் கட்டத்தில் ஒரு சிரிப்பு. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்குவாரும் உளர். ஆயினும் சொந்த ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு அக்கட்டங்களில் கற்கத்தக்கது ஒன்றுண்டு என்பது நம் கருத்து. சான்றாக 'பிளாண்டி' என்னும் அமெரிக்கத் தொடரைக் காண்போம்.

சிக் யங் என்னும் ஓவியர் 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் இத்தொடரைத் தொடங்கினார். அப்போது பிளாண்டி கேளிக்கைகளில் நாட்டமுடைய கன்னிப்பெண். அவளைக் காதலித்த டாக்வுட் ஒரு பெருஞ்செல்வரின் மகன். அச்செல்வர் இரயில்வே முதலாளி என்று அறியும்போது, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பேனா பிடிக்கும் நமக்குத் தனியானதொரு மகிழ்ச்சி உண்டாகிறது.

ஆனால் அது பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம். வேலையிழந்து நின்ற மக்களுக்குச் சீமான் வீட்டுப் பிள்ளையின் களியாட்டம் சுவைக்கவில்லை. ஆகவே ஓவியர் கதையைத் திருப்பினார். பெற்றோரின் சம்மதம் வேண்டி டாக்வுட் 28 நாட்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தான். பிற்காலத்தில் நள்ளிரவில் எழுந்து ரொட்டியை அடுக்கடுக்காக வைத்துத் தின்று, அப்பண்டத்துக்கே தன் பெயரை ஆங்கில அகராதியில் ஏற்றியவன் இவன்தான்! சம்மதம் கிடைத்தது, சொத்து கிடைக்கவில்லை. 1933 பிப்ரவரி 17-இல் திருமணம் நடந்தது. செல்வச் சீமான் சம்பளக்காரன் ஆனான்.

இத்திருப்பத்தின் பயனை அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் வார இதழ்களின் விகடத் துணுக்குகளில் மாமியாரும் மருமகளும் இல்லாமல் சிரிப்பு ஏது? பிளாண்டியின் வீட்டிலோ மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை. எஞ்சியிருப்பவர் கணவன், மனைவி, குழந்தைகள் இருவர், அண்டை வீட்டார், காரியாலயத்து மேலதிகாரி ஆகியோரே. காலையில் டாக்வுட் நேரமாகிவிட்டதென்று ஓடித் தபால்காரர் மீது மோதுகிறான். சம்பள உயர்வு கேட்டு மேலதிகாரியிடம் வசை பெறுகிறான். மாலையில் சோபாவில் கண்ணயர்ந்தால் மனைவியோ பிள்ளைகளோ எழுப்பிவிடுகிறார்கள். பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் இரண்டு அறைகளுள் குடித்தனம் நடத்தும் நம் கதையும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

ஊரில் கணவன் மனைவியரிடையே மனத்தாங்கல் வந்தால் அத்தையோ பெரியப்பாவோ இடைபுகுந்து தீர்த்து வைப்பர். இங்கே கதவைச் சாத்தினால் இருவரே. சிறு சொல் மூன்று நாள் மௌனமாக வளர்ந்துவிடுகிறது. பிளாண்டியின் வீட்டிலும் சண்டை உண்டு. ஆனால் பெரும்பாலும் அன்றைய பிணக்கு அன்றைய கட்டங்களுக்குள்ளேயே தீர்ந்து போகிறது. சிரிப்புத்தான் அவ்வீட்டின் பெரியவர்.

இத்தொடரிலும் குறை இல்லாமல் இல்லை. டாக்வுட் ஓடிப் பிடிக்கும் வண்டி காலத்துக்கேற்ப டிராமாகவும் பஸ்ஸாகவும், பின்னர் அண்டை வீட்டாரோடு கூட்டாகச் செல்லும் காராகவும் மாறியது. பிளாண்டியோ வீட்டு வேலையிலேயே நெடுங்காலம் இருந்தாள். 1991-இல்தான் பக்கத்து வீட்டுத் தோழியுடன் சேர்ந்து விருந்துக்கு உணவு சமைத்து அனுப்பும் தொழிலைத் தொடங்கினாள். தொடர் பிறந்து 61 ஆண்டுகள் கழிந்த பின்! இட்லி மாவும் பொடி வகைகளும் செய்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் நம் சகோதரிகள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். அவர்களுடைய உழைப்பை வீட்டுக் கணக்கில் வரவாகப் பதிகின்றோமா என்று ஆடவர்கள் தம்மையே வினவிக்கொள்வது நலம்.

சிக் யங் 1973-இல் காலமான பின் அவர் மகன் டீன் யங் தொடரை ஏற்று நடத்தினார். கதையில் குழந்தைகள் இருவரும் பதின்ம வயது வரை வளர்ந்து, அங்கேயே நின்றுவிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படி நிற்பதில்லை. அவர்கள் ஊர் மொழியும் தமிழும் கலந்து பேசுவதும், ரேஷன் கடையில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளராக நிற்பதும் சில ஆண்டுகளே. அந்தச் சிரிப்புகளைக் கட்டம் போட்டு வரையும் கை நம் குடியிருப்புகளிலேயே இருக்கக்கூடும். அத்தகைய பிள்ளைக்கு ஒரு பென்சிலும் நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். முதற்படத்தில் அப்பாவின் தொந்தியே இடம் பெற்றாலும் கோபம் கொள்ளாதீர்கள்.