பில் கையில், பொருள் யாரிடம்?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு கொட்டேஷன் தாள் கிடந்தது. தீபாவளிக்கு முன்பு எழுதியது. பிராசசர், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று வரிசையாக நீல மையில் விலை. 'ரேம்' என்ற வரியில் மட்டும் முதலில் எழுதிய எண்ணை அடித்துப் பக்கத்தில் ஒரு எண்; அதையும் அடித்து மேலே சிவப்பு மையில் இன்னொன்று. முதல் எண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

தாளைக் கொண்டுவந்தவர் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பக்கத்தில் பொறியியல் இரண்டாமாண்டு படிக்கும் மகன். படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிறேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பணம் புரள நாளாகிவிட்டது.

"நேத்து சொன்ன ரேட்டையே இன்னிக்கு என்னால சொல்ல முடியலண்ணே. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஏஐக்குன்னு மொத்தமா அள்ளிட்டுப் போயிடறாங்க" என்றார் கடைக்காரர்.

பட்டறைக்காரர் ரேம் பட்டையை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள். "நம்ம வீட்டுல ஏஐ எங்க இருக்கு? அது தின்னுறதுக்கு நான் எதுக்குப் பணம் கட்டணும்?"

'ஏஐ என்றால் மக்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்?' என்ற கேள்வியோடு இந்த வாரம் பலரிடம் பேசினேன். வேலை போய்விடும் என்றார்கள். எது நிஜ வீடியோ, எது பொய் வீடியோ என்று தெரியவில்லை என்றார்கள். பிள்ளைகள் யோசிக்கவே மறந்துவிடுவார்கள் என்றார் ஓர் ஆசிரியை. எல்லாம் நியாயமான கவலைகள். ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பட்டறைக்காரரின் கேள்விதான்.

ஒரே மாவு, வேறு பந்தி

அவர் கேள்விக்குத் தொழில்நுட்பப் பதில் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் போனிலும் இருக்கும் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பங்கைச் செய்பவை உலகத்தில் மூன்றே நிறுவனங்கள். ஏஐ தரவு மையங்களுக்கு வேண்டியது வேறு வகை நினைவகம். சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது. அதற்கும் நம் வீட்டு ரேமுக்கும் மூலப்பொருள் ஒன்றே, அதே சிலிக்கான் தகடு. ஒரே கொள்ளளவுக்கு அந்த வகை, சாதாரண ரேமைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கானை விழுங்குகிறது. லாபமும் அதில்தான் அதிகம். ஒரே மாவை வைத்துக்கொண்டு பணக்காரப் பந்திக்கு முதலில் சுட்டுப் போட்டால், கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சும்?

2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது இப்படித்தான். அந்த மூன்று நிறுவனங்களில் ஒன்று, பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த தன் பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ரிச்சி தெருவில் பலரும் பல ஆண்டுகளாக நம்பி வாங்கிய பெயர் அது.

இதில் மனம் பொறுக்காத ஒரு சங்கதி உண்டு. இன்றைய ஏஐயைத் தூக்கி வளர்த்ததே கேம் விளையாடுகிற பிள்ளைகளின் காசுதான். 2012-இல், படத்தைப் பார்த்து இது நாய், இது பூனை என்று கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றில் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் மற்றவர்களைப் பெரிய வித்தியாசத்தில் வென்றார்கள். ஏஐயின் இன்றைய ஓட்டம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. அவர்களுடைய நிரல் சுமார் 12 லட்சம் படங்களைப் பார்த்துப் பயின்றது எதில் தெரியுமா? கடையில் யாரும் வாங்கக்கூடிய இரண்டு கேமிங் கார்டுகளில். ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். காரும் துப்பாக்கியும் திரையில் தத்ரூபமாகத் தெரிய வேண்டும் என்று உலகெங்கும் இளைஞர்கள் வருடாவருடம் கார்டு வாங்கியதால்தான் அந்தத் தொழில்நுட்பம் அந்த நிலைக்கு வந்திருந்தது. வளர்த்த கடாவே மார்பில் பாய்ந்த கதை இது.

"கிரிப்டோ வந்தப்பவும் கார்டு கிடைக்கலையே, அப்புறம் சரியாயிடுச்சுல்ல?" என்று மகன் கேட்டான். 2017-லும் 2021-லும் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை வாரிக்கொண்டது உண்மை. அந்த அலை வடிந்ததும் அதே கார்டுகள் செகண்ட் ஹேண்டாகச் சந்தைக்குத் திரும்பின. விலை கேட்டுப் பேரம் பேசி வாங்கிய மாணவர்கள் ஏராளம். இந்த முறை அப்படித் திரும்பாது. ஏஐ இயந்திரத்தில் நினைவகம் பிராசசரோடு ஒரே உறையில் பிணைந்திருக்கிறது. நாளைக்கே தரவு மையத்தைக் கலைத்தாலும் அதைப் பிரித்தெடுத்து உங்கள் வீட்டு மதர்போர்டில் செருக முடியாது. போனது போனதுதான்.

'வாங்கு' என்றால் வாங்கியதா?

ரேம் பட்டையாவது கைக்கு வந்தால் நம்முடையது. அதில் ஓடும் கேம்?

மகன் தன் போனைத் திறந்து காட்டினான். நாற்பதுக்கும் மேல் கேம்கள், வரிசை வரிசையாகப் படங்கள். பிறந்தநாள் பணத்திலும் ஸ்காலர்ஷிப்பில் மிச்சம் பிடித்ததிலும் ஒவ்வொன்றாக வாங்கியது. "இதுக்கெல்லாம் சிடி எங்க வெச்சிருக்க?" என்று அப்பா கேட்டார். சிடி கிடையாது. "பில்?" மெயிலில் இருக்கும். "அந்தக் கடையைச் சாத்திட்டுப் போயிட்டா?" மகன் பதில் சொல்லவில்லை.

பதில் வெளிநாட்டில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 2014 டிசம்பரில் வெளிவந்த ஒரு கார் பந்தய கேமின் சர்வர்களை அதன் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக உட்கார்ந்து ஓட்டுகிற ஆட்டத்துக்கும் அதே சர்வர்தான். காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேருக்கும் அன்றோடு கார் நின்றுபோனது. பிறகு அவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொதித்துப்போன விளையாட்டுக்காரர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் கோரிக்கை ஒன்றைத் தொடங்கினார்கள். விற்ற கேமை விளையாட முடியாதபடி சாகடிக்காதே என்பது கோரிக்கை. ஓராண்டுக்குள் 10 லட்சம் கையெழுத்து வேண்டும். 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கிறவர் 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், உங்களுக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே, அது பறிபோகலாம் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 'வாங்கு' என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்ல ஒரு சட்டம் தேவைப்படும் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

நம் நாட்டில் அப்படி ஒரு தனிச்சட்டம் இன்னும் இல்லை. அரசியலுக்கு இங்கே வேகம் இல்லாமலும் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் மசோதா 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. மூன்றே நாள். ரம்மியால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்த நாம் அதை வரவேற்றோம். வேண்டும் என்று நினைத்தால் மூன்று நாளில் சட்டம் வருகிறது. அப்படியானால் மற்றதெல்லாம் யாருக்கும் வேண்டாமா?

தொண்டைக்கும் வாடகை

சொந்தம் என்ற கவலை பொருளோடு நின்றுவிடவில்லை. 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா. மறைந்த தலைவர் ஒருவர் ஏஐ உருவமாகத் திரையில் தோன்றி, அதே கரகரத்த குரலில் வாழ்த்திப் பேசினார். அரங்கம் கைதட்டியது. வீட்டில் அந்த வீடியோவைப் பார்த்த என் அம்மா மட்டும், "செத்துப் போனவங்களை நிம்மதியா இருக்க விடக் கூடாதா?" என்றாள். அவள் அந்தத் தலைவருக்குத்தான் ஆயுள் முழுக்க ஓட்டுப் போட்டவள். அன்போடு செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குரல் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர் இல்லையே. அதே மாதம், முன்பே மறைந்துவிட்ட பாடகர்கள் இருவரின் குரல் ஏஐ வழியாக ஒரு தமிழ்ப் படப் பாட்டில் ஒலித்தது. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அதற்கான தொகையும் கொடுத்ததாக இசையமைப்பாளர் சொன்னார். கேட்டுவிட்டுச் செய்தார்கள். எல்லோரும் கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள் என்ற பயத்தில்தான் அமெரிக்காவில் வீடியோ கேம் குரல் கலைஞர்கள் 2024 ஜூலை 26 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். என் குரலை நகலெடுக்க என் சம்மதம் வேண்டும், அதற்குக் கூலி வேண்டும் என்பது அவர்களின் முக்கியமான கோரிக்கை. ஏறத்தாழ 11 மாதம் வேலைக்குப் போகாமல் இருந்துதான் அதை வாங்கினார்கள். தன் தொண்டை தனக்குச் சொந்தம் என்பதை எழுதி வாங்குவதற்கு 11 மாதம்!

இலவசமாகக் கொடுத்தால்?

நம் ஊரில் இப்போது இலவசக் காலம். 2025 ஜூலையில் ஒரு செல்போன் நிறுவனம் ஓர் ஏஐ சேவையை ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் இன்னொரு செல்போன் நிறுவனம் வேறொரு ஏஐ சேவையை 18 மாதத்துக்குக் கொடுத்தது. நவம்பர் 4 முதல் ஓர் ஏஐ நிறுவனமே நேரடியாக இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசம் என்று கதவைத் திறந்துவிட்டது. அதே நவம்பரில் ஒரு பெரிய நிறுவனம், வீட்டில் விலையுயர்ந்த கம்ப்யூட்டர் இல்லாமலே எங்கோ இருக்கும் தன் இயந்திரத்தில் கேம் விளையாடும் மாதச்சந்தா சேவையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொந்தமாக வைத்துக்கொள்ளும் பொருளின் விலை ஏறுகிறது. வாடகைக்கு எடுக்கும் சேவை இலவசமாகவோ மலிவாகவோ வாசல் தேடி வருகிறது. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: திரை மட்டும் நம்முடையது, மற்றதெல்லாம் மாதம் பிறந்தால் கட்டவேண்டிய வாடகை. இலவசம் முடியும் நாளில் நம் பிள்ளை எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் அந்தச் சேவைக்குப் பழகியிருப்பான். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டிருப்போம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

ஏஐ மருத்துவத்துக்கு உதவுகிறது, பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறது, புதிய சில்லு ஆலைகள் வந்ததும் விலை இறங்கும் என்று துறையினர் சொல்கிறார்கள். இறங்கினால் நல்லது. ஓர் ஆலை எழும்ப ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒரு தலைமுறை கல்லூரியை முடித்துவிடும்.

சந்தேகப்படுகிறவர்களைப் படிக்காதவர்கள், பயந்தவர்கள், காலத்துக்குப் பின்தங்கியவர்கள் என்று பேசும் பழக்கம் ஒன்று பரவுகிறது. நான் பார்த்த பட்டறைக்காரர் நாள் முழுக்க இயந்திரத்தோடு வாழ்கிறவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் கண்டுபிடிப்பவர். அவர் இயந்திரத்தை வெறுக்கவில்லை. கணக்குக் கேட்கிறார். அப்படிக் கணக்குக் கேட்கும் புத்தியைத்தான் இந்தக் காலம் நம் வீடுகளில் காப்பாற்றிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் போதும். இது எனக்கா, வாடகைக்கா? நெட் இல்லாவிட்டால் வேலை செய்யுமா? நீங்கள் கடையைச் சாத்தினால் என்னிடம் என்ன மிஞ்சும்? இந்த மூன்றுக்கும் பொத்தானுக்கு மேலேயே பதில் அச்சடிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கேட்பது பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அன்று அவர்கள் புது கம்ப்யூட்டர் வாங்கவில்லை. வீட்டில் இருக்கும் ஆறு வருடப் பழைய கம்ப்யூட்டருக்கு, செகண்ட் ஹேண்டில் பழைய மாடல் ரேம் ஒன்று பார்த்து எடுத்தார்கள். கடைக்காரர் அதை டெஸ்ட் செய்து காட்டி, வெள்ளிநிற உறையில் போட்டுக் கொடுத்தார். முப்பது வருடத்துக்கு முன்பு டேப்ரெக்கார்டருக்கு ஹெட் வாங்க இதே தெருவுக்கு வந்தாராம் பட்டறைக்காரர். அந்த டேப்ரெக்கார்டர் இன்னும் பட்டறையில் பாடுகிறதாம். "கம்பெனி எப்பவோ மூடிட்டான். பெட்டி என்னோடது. அவன் வந்து பாட்டை நிறுத்த முடியுமா?"

பில்லை இரண்டாக மடித்து மகனிடம் நீட்டினார்.

"பத்திரமா வை. உங்கிட்ட இருக்கறதுல இது ஒண்ணுதான் உனக்குச் சொந்தம்."