மேகமலைப் பாறையும் வழுதூர் மணற்கல்லும்

கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் மலைகள் படிவுப் பாறையால் ஆனவை அல்ல. ஆனாலும் படிவுப் பாறை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு. கதையின் முதல் பாதி இங்கே நடக்கிறது. மறு பாதி வைகையின் கடைசியில், ராமநாதபுரத்தில்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். இவற்றில் அதிகம் இருப்பது சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் வந்த பெயர் அது. தரைக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடும் வெப்பத்தில் வெந்து, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய உருவத்தைப் பெற்றது. அவ்வளவு ஆழத்தில் உருவான பாறை இன்று வெயிலில் நிற்கிறது என்றால், அதன் மேலே கிடந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கரைந்து போய்விட்டது என்று பொருள்.

மேலே அழுத்திய சுமை போனதும் பாறை மெல்ல விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விழுந்து, வெங்காயச் சருகுபோல் ஏடு ஏடாகப் பிரிகிறது. தேனிப் பக்கத்து மொட்டைக் கரடுகளில் ஏறிப் பார்த்தால் இந்த ஏடுகள் தெரியும். கல்லால் தட்டினால், பிடிப்பு விட்ட ஏடு பானையைத் தட்டியதுபோல் சத்தம் கொடுக்கும். பிடிப்புள்ள இடம் ‘டங்’ என்று கணீரென்று ஒலிக்கும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் அந்த விரிசலை அகட்டுகின்றன. அதில் ஒரு ஆல விதை விழுந்து முளைத்தால், வேர் தடிக்கத் தடிக்கப் பாறை இரண்டாகிறது. இதுவரை நடந்தது உடைவது மட்டுமே. பாறை துண்டாகிறது, அதன் சேர்மானம் மாறவில்லை.

சேர்மானத்தை மாற்றுவது மழை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கனிமத்தை அந்த நீர் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. இரும்புள்ள கருங்கனிமம் துருப்பிடித்துச் சிவக்கிறது. மலைச்சரிவின் செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது இந்தத் துருதான். குவார்ட்ஸ் எளிதில் அசைவதில்லை. சுற்றியிருந்தவை இளகிப் போனதும் அது தனித்து உதிர்கிறது. அதுதான் மணல்.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைக் கேரளப் பக்கச் சரிவு வாங்கிக்கொள்கிறது. பள்ளத்தாக்கு மழை மறைவில் கிடக்கிறது. அதனால் மழை மிகுந்த மலையுச்சிகளில் மண் ஆழமாக இருக்கிறது. அடிவாரக் கரடுகளில் பாறை அம்மணமாக நிற்கிறது.

உருண்டைப் பாறைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. விரிசல்கள் முதலில் பாறையைச் சதுரக் கட்டிகளாகத்தான் வெட்டுகின்றன. கட்டியின் முகத்தை நீர் ஒரு பக்கமாக அரிக்கிறது, விளிம்பை இரண்டு பக்கமாக, மூலையை மூன்று பக்கமாக. மூலைகள் முதலில் போகின்றன.

உதிர்ந்ததை ஆறு எடுத்துக்கொள்கிறது. பெரியகுளம் அருகே கும்பக்கரையில், அருவிப் பாறையில் யானைக் கஜம், பாம்புக் கஜம் என்றெல்லாம் பெயர் வைத்த குழிகள் இருக்கின்றன. வெள்ளம் வரும்போது கூழாங்கற்கள் ஒரு பள்ளத்துக்குள் சிக்கிச் சுழல்கின்றன. ஆட்டுரலில் குழவி சுற்றுவதுபோல் குழியை ஆழப்படுத்துகின்றன, தாமும் தேய்கின்றன. இப்படித் தேய்ந்து இறங்குவதை முல்லையாறும் சுருளியாறும் வராக நதியும் வைகையில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்த மணலில் ஒரு பிடி எடுத்துக் காந்தத்தை நுழைத்தால் கருப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அது மலைப் பாறையில் இருந்த மேக்னடைட்; பிறந்த இடத்தின் அடையாளம்.

ஓட்டம் குறையக் குறைய ஆறு சுமையை இறக்குகிறது. முதலில் குண்டுக்கல், பிறகு மணல், பிறகு வண்டல், கடைசியாகக் களி. கோடையில் வறண்ட கண்மாயில் கரம்பை வெட்டிய குழியின் சுவரைப் பார்த்தால் போதும். அடியில் பருமணல், மேலே போகப் போக நொய்மண், அதற்கு மேல் மறுபடியும் பருமணல். ஒரு வெள்ளம் வந்து அடங்கியதற்கு ஒரு அடுக்கு. மணலும் களியும் இறுகிய படிவுப் பாறையின் அடுக்குகள் பலவும் இப்படித் தொடங்கியவையே. 1959-இல் கட்டிய வைகை அணையிலும் இதே வேலை நடக்கிறது: கீழே போக வேண்டிய மணலும் வண்டலும் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுகின்றன. அணைக்குக் கீழே ஆற்றில் மிஞ்சியிருக்கும் மணலை அள்ளினால், அதை ஈடுகட்ட மேலேயிருந்து வருவது குறைவு. இது கவலைப்பட வேண்டிய கணக்கு.

அடுக்கு பாறையாக இரண்டு வேலை பாக்கி. மேலே சேரும் சுமை கீழே உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். மணிகளை ஏதாவது ஒன்று ஒட்ட வேண்டும். முல்லைப் பெரியாறு அணையில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவை நிற்பதுபோல, மணலுக்கு நடுவே சுண்ணாம்போ சிலிக்காவோ இரும்புத் துருவோ நிற்கிறது. கிணறு வெட்டும்போது கடப்பாரையை எதிர்க்கும் சுக்கான் கல் இதற்குச் சின்ன எடுத்துக்காட்டு: நிலத்தடி நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு தங்கி, மண்ணைக் கட்டியாக்கிவிடுகிறது.

பெரிய எடுத்துக்காட்டு ராமநாதபுரத்தின் அடியில் இருக்கிறது. வைகை தன் 258 கிலோமீட்டரை முடிக்கும் அந்தக் கரையோரத்தில், ஆயிரக்கணக்கான மீட்டர் தடிமனுக்குப் படிவுப் பாறை கிடக்கிறது. டைனோசர் காலத்து ஆறுகள் மேட்டு நிலத்திலிருந்து கொண்டுவந்த மணலும் சேறும் அதில் அடங்கும். மணற்கல்லின் துளைகளில் தேங்கிய எரிவாயுவை ஓ.என்.ஜி.சி. எடுக்கிறது, வழுதூர் மின் நிலையம் ஓடுவது அந்த வாயுவில்தான்.

படிவு இன்னும் ஆழமாகப் புதைந்து வெந்தால் மணற்கல் குவார்ட்சைட்டாகிறது, சுண்ணாம்புக்கல் பளிங்காகிறது. மதுரை வட்டாரத்துச் சார்னோக்கைட்டுக்கு நடுவே அந்த இரண்டும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. அவை 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஏதோ ஒரு கடலடியில் படிந்த மணலும் சுண்ணாம்பும்.