தண்ணீர் கேட்காத பச்சைக் கம்பளம்... அம்மா வீட்டு 'செடம்' அனுபவம்!

குன்னூரில் அம்மா வீட்டு வாசலுக்கு இறங்க பதினான்கு கல் படிகள். படிகளின் இரண்டு பக்கமும் சரிவான மண். அதில் அப்பா ஆசையாகப் போட்ட புல்வெளி இருந்தது. அப்பா போன பிறகும் அம்மா அதை விடவில்லை.

மலை ஊரில் தண்ணீருக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். கோடை தொடங்கிவிட்டால், குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்திருந்து குடம் நிரப்பும் வீடுகள் அங்கே நிறைய. பாத்திரம் அலசிய தண்ணீரை வாளியில் சேர்த்து வைத்து, புல்லுக்கு ஊற்றுவார் அம்மா. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மார்ச் மாதம், அப்படி வாளியோடு இறங்கும்போது ஆறாவது படியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு.

"அந்தப் புல்லை எடுத்துட்டு சிமென்ட் போட்டுடலாம்மா" என்றேன். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, "உங்கப்பா போட்டது. நான் போனப்புறம் என்ன வேணா போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவே இல்லை.

வழி சொன்னவர் எங்கள் தெருமுனையில் நர்சரி வைத்திருப்பவர். உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றில், அரிசி மணி போல குண்டுக் குண்டாக இலை வைத்த ஒரு செடியைக் காட்டி, "செடம்னு பேருக்கா. மறந்துட்டாலும் பொழச்சுக்கும்" என்றார்.

கற்றாழை மாதிரி இலையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுள்ள தாவரம் இது. செடத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. சில முழங்கால் உயரம் வளரும். தரைக்கு நமக்கு வேண்டியது நான்கு விரல் உயரத்தைத் தாண்டாமல், தண்டு மண்ணில் படும் இடமெல்லாம் வேர்விட்டுப் படர்கிற வகை. ஐரோப்பாவில் பழைய கல்சுவர் இடுக்குகளில்கூடத் தானாக முளைத்து, மஞ்சள் நட்சத்திரம் போலப் பூக்கிற செடம் ஏக்கர் அப்படிப்பட்டது. அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில், ஃபோர்டு டிரக் தொழிற்சாலையின் கூரை மேல் 10 ஏக்கருக்கும் அதிகமாக செடம் வகைகளை வளர்த்திருக்கிறார்கள். மிக மெல்லிய மண் அடுக்கில், மொட்டை வெயிலில் அது தாக்குப்பிடிக்கிறது என்றால், அம்மா வீட்டுச் சரிவு எம்மாத்திரம்!

இவ்வளவு குறைந்த தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும். அதே துளை வழியாக நீர் ஆவியாகிப் போகும். செடத்தின் குடும்பத்தில் பல செடிகள், குளிர்ந்த இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்து, அமிலமாக மாற்றி வைத்துக்கொள்ளும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, இருப்பில் உள்ளதை வைத்துச் சமையல். செடம் வகைகள் சில, தண்ணீர் குறையும்போது மட்டும் இந்த முறைக்கு மாறிக்கொள்ளும்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக சென்னையில் வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹைன். ரணகள்ளி இலை தெரியும்தானே? சின்ன வயதில் குட்டி போடும் என்று நோட்டுக்குள் வைப்போமே, அதேதான். அந்த இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, மதியம் சுவையே இல்லை என்பதைக் கவனித்து அவர் எழுதியது, 1815-ல் லண்டன் லின்னியன் சொசைட்டியின் இதழில் வெளியானது. ரணகள்ளியும் செடமும் ஒரே குடும்பம். அதற்காக செடத்தை மென்று பார்க்க வேண்டாம். கொரியாவில் ஒரு வகையைக் கீரையாகவே சாப்பிடுகிறார்கள் என்றாலும், செடம் ஏக்கர் காரமாக இருக்கும், வயிற்றைப் புரட்டும். குழந்தைகளும் நாய்க்குட்டியும் இருக்கும் வீடு என்றால் கவனம்.

நடுவது சுலபம். இரண்டு, மூன்று அங்குல நீளத்துக்குத் தண்டைக் கிள்ளி, அடி இலைகளை உதிர்த்துவிட்டு, நிழலில் ஒருநாள் போட்டு வெட்டுவாயை உலரவிடுங்கள். பிறகு அரை அடி இடைவெளியில் செருகினால் போதும். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் தெளிக்கலாம். சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். மண் மட்டும் தண்ணீர் தேங்காததாக இருக்க வேண்டும். செம்மண்ணும் பருமணலும் பாதிப் பாதி, கைப்பிடி மக்கிய எரு. அதற்கு மேல் உரம் போட்டால் தண்டு நீண்டு, நோஞ்சானாகிச் சாய்ந்துவிடும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கோரைக் கிழங்கை முழுசாகத் தோண்டி எடுக்காமல் நட்டுவிட்டேன். செடம் களையை அடக்கும் என்று சொன்னதை நம்பியதுதான் காரணம். அது மண்ணை முழுசாக மூடிய பிறகுதான் புதுக் களை குறையும். கோரையோ மூடிய பிறகும் கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. முதல் ஆறு மாதம் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து களை எடுத்தோம். எடுத்தோம் என்ன, அம்மாதான் எடுத்தார், படியில் உட்கார்ந்தபடி.

இலை சுருங்கினால் தாகம். கண்ணாடி போலாகி நசநசத்தால் தண்ணீர் அதிகம். இரண்டாவதுதான் ஆபத்து. முதல் வருட மழையில், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு பாய் அளவு அழுகிப்போனது. நல்ல தண்டுகளைக் கிள்ளி, கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் வைத்தோம், பிழைத்துக்கொண்டது. மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கொத்தையே வெட்டி எறிந்துவிடுங்கள். மிதித்தால் உடைந்துவிடும் என்பதால் நடக்கிற இடத்தில் பலகைக்கல் போடுவது நல்லது.

பக்கத்து வீட்டு அத்தை, "பாம்பு அடையும்" என்று பயமுறுத்தினார். நான்கு விரல் உயரச் செடிக்குள் பாம்பு வந்தால் கண்ணில் படாமல் போகாது என்று அம்மா பதில் சொன்னார். பயம் முழுசாகப் போனதா என்பது வேறு விஷயம். டார்ச் இல்லாமல் யாரையும் இரவில் படியிறங்க விடுவதில்லை.

மலைச்சரிவில் இருப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று: செடத்தின் வேர் மேலோட்டமானது. மழைத்துளி நேராக அடித்து மேல்மண் கரைவதைக் குறைக்கும், அவ்வளவுதான். சரிவே சரியும் அபாயம் இருந்தால் அதற்குத் தடுப்புச்சுவர், வெட்டிவேர் என்று வேறு ஏற்பாடு வேண்டும். எங்கள் சரிவுக்குக் கீழே அப்பா கட்டிய கல்கட்டு இருக்கிறது.

சென்னை, மதுரைக்காரர்கள் கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், சென்னையில் என் மொட்டை மாடியில் தரை போல வளர்க்கப் பார்த்துத் தோற்றேன். மே மாத வெயிலைக்கூடத் தாங்கியது, ஐப்பசி அடைமழையில் போய்விட்டது. இப்போது சன்ஷேடுக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படும் இடத்தில், ஓட்டை நிறைய உள்ள அகலத் தொட்டியில் வைத்திருக்கிறேன், நன்றாகவே தொங்குகிறது. சமவெளியில் தரையை மூட வேண்டுமென்றால் பத்து மணிப் பூவே மேல். அதுவும் சதைப்பற்றுள்ளதுதான், பூவும் கொட்டும்.

புல் இருந்த இடத்தில் இரண்டு முழம் மட்டும் இன்னும் புல்லாகவே இருக்கிறது. அது அப்பாவுடையது, அதற்கு மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் என்பது அம்மாவின் கணக்கு. மீதி எல்லாம் செடம். கடந்த முறை ஊருக்குப் போனபோது, கிள்ளிய தண்டுகளைச் செய்தித்தாளில் மடித்து, தெருவில் நான்கு வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாம்பு வரும் என்று சொன்ன அத்தையும் வரிசையில் நின்றார்.