தீப்பொறிச் செருகியின் தேர்வும் மாற்றமும்

பெற்றோலினால் இயங்கும் மோட்டார்ச் சைக்கிளின் உறுப்புக்களுள் உருவாற் சிறியதும் தொழிலாற் பெரியதுமாயது தீப்பொறிச் செருகி. உலக வழக்கில் இது 'பிளக்' எனப்படும். நாலடிப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுழலுமாயின், வினாடிக்கு 50 முறையேனும் இது பொறி எழுப்புதல் வேண்டும். எனினும், வண்டி நின்றபோதன்றி இதனை நினைப்பார் அரியர்.

1885ஆம் ஆண்டில் டைம்லர், மைபாக் என்னும் ஜேர்மானியர் அமைத்த இருசில்லு வண்டியிற் செருகி இருக்கவில்லை. சுடரினாற் சூடேற்றப்பட்ட குழாயே எரிபொருளைப் பற்றவைத்தது. 1902இல் பொஷ் தொழிலகத்துப் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட் உயரழுத்த மின்னாக்கியையும் அதற்கேற்ற செருகியையும் அமைத்தார். அதன் பின்னரே நம்பத்தக்க மின்பற்றவைப்பு முறை பரவலாயிற்று.

செருகியைத் தெரிவோர் முதலில் அறியவேண்டுவது அதன் வெப்பத் தரமாகும். 'சூடான' செருகி சூடான பொறியைத் தரும் எனப் பலர் எண்ணுவர்; அது பொருந்தாது. நடு மின்வாயைச் சூழ்ந்த பீங்கானின் நுனி நீண்டிருப்பின் வெப்பம் மெல்லவே வெளியேறும். அது சூடான செருகி. நுனி குறுகியிருப்பின் வெப்பம் விரைந்து வெளியேறும். அது குளிர்ந்த செருகி. நுனியின் வெப்பநிலை ஏறத்தாழ 450 பாகை சதமளவைக்குக் கீழிருப்பின் காபன் படிந்து பொறி தவறும். 850 பாகையைக் கடப்பின், பொறி எழுமுன்னரே எரிபொருள் தானே பற்றி, ஆடுதண்டின் தலையை உருக்கிவிடவுங் கூடும்.

இத்தரத்தைக் குறிக்கும் இலக்கங்கள் எல்லாத் தொழிலகங்களுக்கும் ஒரு தன்மையன அல்ல. என்.ஜீ.கே. செருகிகளில் இலக்கம் ஏறக் குளிர்ச்சி ஏறும். பொஷ் செருகிகளில் இலக்கம் ஏறச் சூடு ஏறும். ஆதலின், இலக்கம் ஒத்திருத்தல் கண்டு ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றுதல் தவறாகும். ஹொண்டாவின் 125 சீசீ வண்டிகள் பலவற்றிற்குரிய டீ8ஈஏ என்னும் குறியீட்டை நோக்குக. 'டீ' என்பது 12 மில்லிமீற்றர் புரி விட்டத்தையும், '8' வெப்பத் தரத்தையும், 'ஈ' 19 மில்லிமீற்றர் புரி நீளத்தையும் குறிக்கும். நீளம் மிகின் செருகி ஆடுதண்டில் மோதலாம். குறையின் வெறும் புரிகளிற் காபன் படியும்.

செருகியை எஞ்சின் ஆறிய பின்னரே கழற்றுக. அதற்குமுன் சுற்றிலுமுள்ள மணலை ஊதியகற்றுக. அன்றேல் அது உருளையினுள் விழும். புதியதன் மின்வாயிடைவெளியை அளந்து பார்க்க. மேற்கூறியதற்கு அது 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரையாகும். பின்னர் விரலினாலேயே இறுதிவரை முறுக்குக. தொடக்கத்திலேயே சாவியை இடின், புரி பிறழ்ந்து அலுமினியத் தலை கெடும். வாசர் படிந்தபின் சாவியால் அரைச் சுற்று முறுக்குதல் போதும். மிகையான வலிமை காட்டுதல் கேடே தரும்.

கழற்றிய பழைய செருகியை உடனே எறிதல் ஆகாது. அதன் நுனி எஞ்சினின் உடல்நிலையை உரைக்கும். இளங்கபில நிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த கரி, எரிபொருள் மிகுதியையோ செருகியின் மிகுகுளிர்ச்சியையோ காட்டும். எண்ணெய்ப் பசை, தேய்ந்த வளையங்களை ஐயுறச் செய்யும். வெளிறிக் கொப்புளித்த பீங்கான், மிகுவெப்பத்தின் எச்சரிக்கையாகும்.

1990களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதாகியபோது, சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயால் வண்டி ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையின் முற்றும் எரியாது. செருகியிற் கரி விரைந்து படியும். அதனை அடிக்கடி கழற்றித் துடைத்தல் அன்று வாழ்வின் தேவையாயிற்று. ஆங்கே கரி, எஞ்சினின் பிணியையன்று, காலத்தின் வறுமையையே காட்டிற்று. ஆதலால், கரி கண்ட மாத்திரையே செருகியை மாற்றி அமைதல் போதாது. அதன் காரணத்தை ஆராய்ந்து நீக்குதலே அறிவுடைமையாகும். காரணம் நீங்காதவிடத்துப் புதிய செருகியும் சின்னாளிற் பழைய கோலத்தையே எய்தும்.